இரண்டாவது எஸ்

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்துக்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். நர்ஸ் அடிக்கிற கட்டளை எழுத்து எழுத்தாகக் கருவிக்குள் வந்து சேரும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி வருகிற திங்கள்கிழமையிலிருந்து முழுக்க உன் பொறுப்பு என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, "பழைய புகாரெல்லாம் எடுத்துப் பாத்தேம்மா, முக்காவாசி அவங்க தப்பா அடிச்சதுதான்" என்றாய். நான் "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு, புனேயில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். நீ கவனித்திருக்க மாட்டாய். அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் எனக்காக ஏதாவது சமாதானம் சொல்வாய், நானும் அதைப் பிடித்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுக் கூப்பிடு.

நீ கோயம்புத்தூரில் கல்லூரி முதல் வருடம் சேர்ந்து விடுதிக்குப் போன சமயம் அது. தென்காசியில் நம் கடையில் மோட்டார் பெட்டி வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நீ பார்த்த பெட்டிதான். உள்ளே ஒரு சிம் இருக்கும், ஒரு சிப் இருக்கும். வயலில் இருக்கிற மோட்டாரை ஓட்ட START, நிறுத்த STOP என்று வீட்டிலிருந்தே மெசேஜ் அனுப்பலாம். நான் டிப்ளமோ படித்த காலத்தில் கற்றுக்கொண்டதையும் பிறகு நானாகத் தெரிந்துகொண்டதையும் வைத்து அந்தப் புரோகிராமை எழுதினேன். யாரிடமும் கேட்டு எழுதவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சுரண்டை, சாம்பவர்வடகரைப் பக்கம் விவசாயிகள் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். "இனிமே கரண்டு வந்துட்டா போயிட்டான்னு மோட்டார் ரூமுக்கு ஓட வேண்டாம் அண்ணாச்சி, வீட்லயே இருந்துக்கிடலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்றேன்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் சுடலைமுத்து அண்ணாச்சி. சுரண்டைக்கு மேற்கே இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். மனைவி இல்லை. ஒரே மகள் செல்வி, போலீஸ் கான்ஸ்டபிள். அவரிடம் இருந்தது பட்டன் போன். STOP என்ற மெசேஜை நானே அடித்து அந்தப் போனில் சேமித்துக் கொடுத்திருந்தேன். அதை எடுத்து அனுப்பினால் போதும். இந்த ஏற்பாட்டில்தான் ஒரு வருடம் போல ஓடியது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பம்பில் தண்ணீர் கசிந்தது. உள்ளே சுழலும் இரும்புத் தண்டைச் சுற்றியிருக்கும் கயிறு தேய்ந்துபோனால் அப்படிக் கசியும். பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும், அரைமணி நேர வேலை. காலை பத்து மணி வாக்கில் த்ரீ பேஸ் கரண்ட் போயிருந்தது. கரண்ட் திரும்ப வந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்படி பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதனால் அவர் முதலில் STOP அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று நினைத்தார். அது சரியான யோசனைதான். பெட்டிக்குள் பேட்டரி உண்டு, கரண்ட் இல்லாதபோதும் மெசேஜை வாங்கி நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முந்தின நாள் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று செல்வி எல்லா மெசேஜையும் அழித்திருந்தாள். நான் சேமித்துக் கொடுத்ததும் அதோடு போய்விட்டது. அவர் முதல்முறையாகத் தானே அடித்தார். எஸ் வருவதற்கு ஏழாம் பட்டனை நான்கு தடவை அமுக்க வேண்டும். வெயிலில் திரை தெரியவில்லை. எழுத்து விழுந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் நான்கு தடவை அமுக்கியிருக்கிறார். அனுப்பினார். பெட்டியிலிருந்து பதில் மெசேஜ் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் சிக்னல் மோசம், பதில் பல நாள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. அவரும் காத்திருக்கவில்லை. பியூஸைப் பிடுங்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பழைய கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. மோட்டார் சுற்றியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

நான்கு நாள் கழித்து செல்வி கடைக்கு வந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், தூங்காத முகம். சண்டை போட வரவில்லை.

"அக்கா, அப்பா மெசேஜ் அனுப்பிட்டுத்தான் கை வச்சேங்காவ. அப்பொறம் ஏங்க்கா மோட்டாரு ஓடுச்சு?"

போனைக் கொடுத்தாள். அனுப்பிய மெசேஜ் அதில் அப்படியே இருந்தது. SSTOP. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. அதை நான் மறைக்கப்போவதில்லை, அந்த இரண்டு எஸ்ஸைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இங்கன பாரு செல்வி, எஸ்ஸு ரெண்டு கெடக்கு. இப்படி அனுப்புனா பெட்டிக்கு என்னன்னு புரியும்? அண்ணாச்சி தப்பா அடிச்சிருக்காவ."

அவள் வாங்கிப் பார்த்தாள். "நானும் நெனச்சேன். கண்ணு சரியாத் தெரியல, கண்ணாடி போடுங்கன்னா கேக்க மாட்டேங்காவ" என்றாள்.

"என்ன இருந்தாலும் பியூஸப் புடுங்கிட்டுல்லா கை வைக்கணும்" என்று நான் சேர்த்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். போகும்போது "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கிடுங்கக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒன்று ஞாபகம் வருகிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்து நின்றாய். குற்றாலத்தில் வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்த வாரம். "எம்மா, ஐந்தருவி ரோட்டுல..." என்று நீ ஆரம்பித்ததுமே முதுகில் ஒன்று வைத்தேன். மழையில் நின்றுபோன ஒரு ஆட்டோவை நீயும் உன் கூட்டாளியும் தள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்பது மறுநாள் அந்த ஆட்டோக்காரர் கடைக்கு வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. உன்னிடம் நான் அதற்காக எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை நீ கேட்ட பரோட்டாவை வாங்கிக் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு இது பழைய பழக்கம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வி வந்துபோய் ஒரு மாதம் இருக்கும். ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் சிலரும் நம்மிடம் பெட்டி வாங்கியிருந்தார்கள், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு. அதில் ஒரு லாட்ஜின் மேனேஜர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாரலில் நனைந்து ஆன்டெனா துருப்பிடித்திருந்தது. நான் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஒங்க பெட்டி கெட்டிதான் மேடம். சீசன் நேரத்துல ரூமு கேட்டு பத்து பேரு நிப்பாவ. அவசரத்துல எடவெளியே விடாம PUMPSTOPனு அடிச்சு விட்டுருதேன். அப்பவும் கரெக்டா நின்னுருது."

"நிக்குமே" என்றேன் நானும். வார்த்தைக்கு முன்னால் என்ன வந்தாலும் பரவாயில்லை, உள்ளே STOP இருந்தால் பிடித்துக்கொள்ளும்படிதான் எழுதியிருந்தேன். PLEASE STOP என்று அனுப்பினாலும் நிற்கும். விற்பதற்கு முன்னால் அதையெல்லாம் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்னால் PUMP என்று நான்கு எழுத்து கிடந்தாலும் பெட்டி நிற்கிறது. அப்படியானால் முன்னால் ஒரே ஒரு எஸ் கூடுதலாகக் கிடந்தால் ஏன் நிற்கவில்லை?

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் STOP என்று எழுதினேன். என் புரோகிராம் என்ன செய்கிறதோ அதை விரலால் செய்துபார்த்தேன். அந்தச் சின்னச் சிப்பில் மெசேஜ் முழுவதையும் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாக வரும், வந்த எழுத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். விரல் முதலில் எஸ் மேல் இருக்கும். எஸ் வந்தால் டி மேல் நகரும். டி வந்தால் ஓ மேல். எதிர்பார்த்தது வராவிட்டால் விரல் மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். இப்போது அண்ணாச்சியின் மெசேஜை எழுத்தெழுத்தாக வாசித்தேன். முதல் எஸ். பொருந்தியது, விரல் டி மேல் போனது. அடுத்தது இன்னொரு எஸ். விரல் எதிர்பார்ப்பது டி, அதனால் பொருந்தவில்லை, விரல் ஆரம்பத்துக்கு வந்துவிட்டது. வந்த அந்த எஸ்ஸை என் புரோகிராம் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டது. அடுத்தது டி. விரல் இருப்பது எஸ் மேல். பொருந்தவில்லை. ஓ, பொருந்தவில்லை. பி, பொருந்தவில்லை. மெசேஜ் முடிந்தது.

தூக்கிப் போட்ட அந்த இரண்டாவது எஸ்தான் உண்மையான STOP-இன் முதல் எழுத்து. பொருந்தவில்லை என்று தெரிந்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒரே வேலை. இப்போது வந்த இந்த எழுத்தே புதிய ஆரம்பமாக இருக்குமோ என்று ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். புரோகிராமில் ஒரு வரி. நான் சோதித்துப் பார்த்தவற்றில் எதிலும் எஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எஸ் வரவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி ஒரு எழுத்தைக் கூடுதலாக அடித்தார் என்பது நிஜம். அவர் அனுப்பியதற்குள் STOP முழுசாக இருந்தது என்பதும் நிஜம். என் பெட்டி அதைத் தவறவிட்டது.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த புதிது. சட்டென்று பதில் சொன்னார். "அவியளே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாவ. மவ போலீஸ்ல இருக்கா. நீ எதுக்கு இப்பம் போயிக் கெளறுத? எல்லாப் பெட்டியையும் சரி பண்ணு, அது போதும்." அவர் சொன்னதால்தான் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. நான் கேட்க விரும்பியதை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, விற்ற பெட்டிகளையெல்லாம் தேடிப்போய் சிப்பை மாற்றினேன். "புது மாடல் வந்திருக்கு, சும்மாவே மாத்தித் தாரேன்" என்றேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்து, முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். விடுமுறைக்கு வந்த நீ கூட "ஏம்மா எல்லாத்தையும் மாத்துத" என்று கேட்டாய். உன்னிடமும் புது மாடல் என்றுதான் சொன்னேன்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் வயலுக்குக் கடைசியாகப் போனேன். மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள். பெட்டியைக் கழற்றி உரச்சாக்குக்குள் போட்டு மூலையில் வைத்திருந்தார்.

"கழட்டி வச்சுட்டேம்மா. நம்ம புத்திக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்றார்.

"அப்படிச் சொல்லாதீக அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கைப் பிரித்து, சிப்பை மாற்றி, பெட்டியை அதே சாக்கில் வைத்துவிட்டு வந்தேன். இதுவரை எழுதியதில் எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுவது இந்தப் பத்து நிமிடம்தான். புரோகிராமில் விட்ட தப்பு தெரியாமல் விட்டது. இது தெரிந்தே விட்டது.

இதற்குப் பிறகு நடந்ததில் நீயும் உண்டு. STOP என்ற வார்த்தையோடு விளம்பர மெசேஜ்கள் நிறைய வரத் தொடங்கின. அது வந்தால் பெட்டி தன்பாட்டுக்கு மோட்டாரை நிறுத்திவிடும். அதனால் வார்த்தையை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு நம்பரை அவரவரே தேர்ந்துகொள்ளும்படி மாற்றினேன். இரண்டாம் வருடம் முடிந்து நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. கடையில் என் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டாய்.

"எம்மா, ஒருத்தன் 112ன்னு நம்பர் வச்சிருக்கான்னு வையி. அவன் 1112ன்னு அனுப்பினா என்ன ஆவும்?"

"பொருந்தலன்னா, வந்த எழுத்தே புது ஆரம்பமான்னு பாக்கச் சொல்லி வச்சிருக்கேனே. நின்னுரும்."

"நிக்காது. கை வச்சு பாரு."

பார்த்தேன். முதல் இரண்டு 1-ம் பொருந்தி, விரல் 2-இன் மேல் இருக்கிறது. மூன்றாவதாகவும் 1 வருகிறது. பொருந்தவில்லை. நான் சேர்த்த வரி அதைப் புது ஆரம்பமாக எடுத்துக்கொண்டு, இன்னொரு 1-க்காகக் காத்திருக்கிறது. ஆனால் வருவது 2. போயிற்று. கடைசியாக வந்த மூன்றும் 112தான், கண் முன்னால் இருக்கிறது, பெட்டிக்குத் தெரியவில்லை.

"நீ கடைசி எழுத்த மட்டும் வச்சுக்கிட்டு மத்தத கீழ போட்டுருத" என்றாய். "இதுவரைக்கும் வந்ததோட வால்ல, நம்ம நம்பரோட தலை எவ்வளவு தூரம் இன்னும் பொருந்துதோ, அவ்வளவையும் வச்சிருக்கணும்மா. எல்லாத்தையும் விடவும் கூடாது, ஒன்னே ஒன்ன மட்டும் வச்சுக்கிட்டாலும் பத்தாது." சொல்லிவிட்டு நீயே அதைச் சரியாக எழுதியும் கொடுத்தாய். பிறகு நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, "நல்லவேள, இதுனால யாருக்கும் ஒன்னும் ஆவல" என்றாய்.

நான் "ஆமா" என்றேன்.

இரண்டு நாள் அந்த "ஆமா" என்னை விடவில்லை. மூன்றாம் நாள் காலை, சிப் வாங்கப் போகிறேன் என்று உன்னைக் கடையில் உட்காரவைத்துவிட்டு சுரண்டை பஸ் ஏறினேன். அண்ணாச்சி வீட்டில் இருந்தார். வயலைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டதாக வழியிலேயே கேள்விப்பட்டேன். முறத்தில் மிளகாய் விதையை இடது கையால் ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க அனுப்புன மெசேஜுல எஸ்ஸு ஒன்னு கூட விழுந்திருந்துச்சு, அவ்வளவுதான். அதுக்குள்ள STOP சரியா இருந்துச்சு. எம் பெட்டிதான் அத விட்டுட்டு. நான் எழுதுனதுல தப்பு. ஒங்க மேல இல்ல."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். பெட்டி ஏன் விட்டது என்று கேட்பார் என்று நினைத்தேன், அதைக் கேட்கவில்லை.

"ஒனக்கு இது எப்பம் தெரியும்?"

"விரலு போயி ஒரு மாசத்துல."

"பொறவு ஒரு நா வயலுக்கு வந்தியே, சிப்ப மாத்தணும்னு. அப்பமே தெரியும்?"

"தெரியும்."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தவர் மாதிரி அப்புறம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"விரலு போனது போவட்டும்மா. பியூஸப் புடுங்காம கை வச்சவன் நாந்தான், அத நான் யாரு தலையிலயும் கெட்ட மாட்டேன். ஆனா ரெண்டு வருசமா எம் புத்தி மழுங்கிப் போச்சுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன். நாலு எழுத்த ஒழுங்கா அடிக்கத் தெரியாதவனாப் போயிட்டமேன்னு. மவ வயல விடச் சொன்னா, விட்டேன். போன வாங்கி வச்சுக்கிட்டா, குடுத்தேன். பஸ்சுல தனியாப் போவாதீகன்னா, போவல. எது சொன்னாலும் சரி சரின்னு இருந்தேன். ஏன்னா எனக்கே என் மேல நம்பிக்க இல்ல பாத்துக்கோ."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

"எம் மவகிட்ட நீயே போயிச் சொல்லு. நாஞ் சொன்னா, அப்பா எதையோ ஒளறுதாவம்பா."

செல்விக்கு அப்போது ஐந்தருவியில் சீசன் பந்தோபஸ்து. மறுநாள் அங்கே போனேன். நல்ல கூட்டம், சாரல் விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் வரிசையில் விசிலும் கையுமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். விஷயத்தை நான் சொல்லச் சொல்ல, "தள்ளிப் போங்க, நிக்காதீங்க" என்று நடுநடுவே வரிசையையும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் வரிசையை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னதத்தான் நான் நேராப் போயி ஆஸ்பத்திரியில வச்சு அவியகிட்ட சொன்னேன். கையில கட்டோட படுத்திருந்தாவ. 'நாலு எழுத்து அடிக்கத் தெரியலன்னா ஒங்களுக்கு எதுக்குப்பா போனு'ன்னு கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரவுக எல்லாம் பாத்தாவ. அப்பா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாவ." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரலா வேறா, எனக்குத் தெரியாது. "அந்தச் சொல்ல நான் இப்பம் எங்கன போயித் திருப்பி எடுக்க?"

பிறகு போலீஸ்காரியாகப் பேசினாள். "எழுதிக் குடுங்க."

பக்கத்துச் சிப்ஸ் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கடைப் பலகை மேல் வைத்து எழுதினேன். சுடலைமுத்து அனுப்பிய மெசேஜில் STOP சரியாக இருந்தது, அதைப் பெட்டி படிக்காமல் விட்டது நான் எழுதிய புரோகிராமின் தவறு, அவருடைய தவறு என்று நான் சொன்னது சரியல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எப்பத் தெரியும்ங்கதையும் எழுதுங்க" என்றாள். அதையும் எழுதினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் வந்துவிட்டேன்.

கேஸ் எதுவும் வரவில்லை. அன்று ராத்திரி சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து அந்தத் தாளை அவள் சத்தமாக வாசித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போனை அப்பாவிடமே கொடுத்துவிட்டாள். குத்தகை முடிந்ததும் அண்ணாச்சி வயலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நம் பெட்டியை மட்டும் மறுபடி மாட்டவில்லை. மோட்டார் ரூமுக்கு நடந்துபோய்த்தான் நிறுத்துகிறார். தாளை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாராம்.

நீ எழுதிக் கொடுத்த புரோகிராமை ஏற்ற மறுபடியும் எல்லாப் பெட்டிகளையும் தேடிப் போனேன். இந்தத் தடவை காரணத்தைச் சொன்னேன். சிலர் "அதனால என்ன" என்றார்கள். சிலர் பெட்டியைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார்கள். முருங்கைக்காய் கொடுத்த வீட்டில் கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் போல மிக்சியும் இன்வெர்ட்டரும் பழுது பார்த்துத்தான் கடை ஓடியது. ஏன் பெட்டி ஆர்டர் வரவில்லை என்று நீ கேட்டபோது, வெளியூர் கம்பெனிக்காரன் மலிவாக விற்கிறான் என்றேன். அவன் மலிவாக விற்றது உண்மைதான். காரணம் அது இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு "நல்லவேள" என்றபோது உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா செய்த பெட்டியில் தப்பு இருந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இப்போது கெடுக்கிறேன், ஏனென்றால் நீ செய்யப்போவது மோட்டார் பெட்டி இல்லை. அதன் மறுமுனையில் ஒருவர் கையில் ஊசியோடு படுத்திருப்பார்.

உன் வேலையில் என்னைவிட நீ கெட்டிக்காரன். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. புகார் வரும்போது மட்டும், அவர்கள் என்ன அனுப்பினார்கள் என்பதை அப்படியே வாங்கு. ஒரு எழுத்தையும் திருத்தாமல், நடுவில் கிடக்கிற குப்பையையும் சேர்த்து வாங்கு. தாளில் எழுதி, விரல் வைத்து, உன் புரோகிராம் செய்வதை நீயே ஒரு தடவை செய்துபார். அதற்குப் பிறகு வாயைத் திற. அவர்களும் ஒரு தப்புச் செய்திருக்கலாம், அநேகமாகச் செய்திருப்பார்கள். அது உன் தப்பை இல்லாமல் ஆக்காது. எனக்கு அன்று அந்தக் கூடுதல் எஸ் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். உனக்கும் அப்படி ஏதாவது சீக்கிரம் கிடைத்தால், அங்கேயே நின்றுவிடாதே.

போன மாதம் சுரண்டை மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கூட ஒரு வியாபாரி நின்றிருந்தார், எனக்குத் தெரியாதவர். நான் வணக்கம் சொன்னேன். அண்ணாச்சி தலையை அசைத்துவிட்டு, அந்த ஆளிடம் என்னைக் காட்டி, தக்காளி விலை சொல்கிற அதே குரலில் சொன்னார்: "இந்தம்மா செஞ்ச பெட்டியிலதான் எனக்கு வெரலு போச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அது தன் தப்புதான்னு வந்து சொன்னதும் இந்தம்மாதான்."

அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். மறுப்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. உன்னைப் பற்றி எங்காவது யாராவது இப்படிச் சொல்ல நேரலாம் தம்பி, இந்த வேலையில் அது நடக்காது என்று நான் உனக்கு உறுதி கொடுக்க முடியாது. அப்படிச் சொல்கிறவர் வாயில் அந்த "ரெண்டு வருசம்" மட்டும் இருக்கக் கூடாது.

அம்மா